கிழமைக்கொரு பலகாரம்: மும்பைத் தமிழர் இரவு உணவின் வரலாறு

டோம்பிவிலியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவு கிழமையைப் பார்த்து அமைகிறது. திங்கள் என்றால் சப்பாத்தியும் பருப்பும், செவ்வாய் தோசை, புதன் மீண்டும் சப்பாத்தி, வியாழன் பாசிப்பருப்புக் கிச்சடி, சனி அடை அல்லது உப்புமா. ஞாயிறு நண்பகலில் விரிவாகச் சமைத்துவிட்டு இரவில் மிஞ்சியதைக் கொண்டு ஒப்பேற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு வரிசை மாறும். வரிசை என்ற ஒன்று இருப்பது பெரும்பாலும் மாறுவதில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இதனைக் கண்டு, "ராத்திரியிலே சோறே கிடையாதா?" என்று கேட்பதும், அதற்கு வீட்டார் சற்றே தற்காப்புத் தொனியில் விடை சொல்வதும் பலரும் அறிந்த காட்சிகள்.

அந்தத் தற்காப்புத் தொனிக்குப் பின்னால் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியது பண்பாட்டு இழப்பு, வடக்கத்தியருக்கு அடிபணிந்ததன் அடையாளம் என்பதே அது. இவ்வெண்ணத்தை ஏற்பதற்கு முன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஏழு நாள் வாரத்தை அலகாகக் கொண்டு இரவு உணவை வகுக்கும் முறை தஞ்சாவூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்ததன்று. அது பம்பாயில் உருவானது. அதை உருவாக்கியதில் சமையலறைக்கு நிகரான பங்கு உணவுப் பங்கீட்டு அலுவலகத்துக்கும் புறநகர் ரயிலுக்கும் உண்டு. ஆனால் கோதுமை வந்து அமர்ந்த இடம் மட்டும் புதிதன்று; அது தமிழ்ச் சமையலிலேயே முன்பிருந்து காத்திருந்த இடம்.

ஊர்ப்புறத்து உணவை மாற்றியவை பெரும்பாலும் திதிகளும் நட்சத்திரங்களுமே: ஏகாதசி, அமாவாசை, சஷ்டி, கிருத்திகை. கிழமை விரதங்களும் இருந்தன. எனினும் அவற்றுள் பெயர்பெற்றவை ஏதேனும் ஒரு மாதத்தோடு கட்டுண்டவை: ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, கார்த்திகைச் சோமவாரம். மற்ற நாள்களில் குதிரில் இருப்பதும் கொல்லையில் காய்ப்பதும் உணவைத் தீர்மானித்தன. செவ்வாய்க்கும் புதனுக்கும் உணவளவில் வேறுபாடு காட்ட வேண்டிய தேவை உழவுக் குடும்பத்துக்கு எழவில்லை.

விரத இரவுகளில் உண்ணப்பட்டது பலகாரம். இச்சொல்லின் கதை இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 'பல' என்னும் வடசொல்லுக்குப் பழம் என்று பொருள், 'ஆகாரம்' உணவு. இரண்டும் சேர்ந்து, நோன்பு நாளில் சோறு தவிர்த்து உண்ணும் எளிய உணவைக் குறித்தன. தமிழில் அது பலகாரம் ஆயிற்று. மராத்தியில் அதே மூலத்திலிருந்து 'பராள்' பிறந்தது. இரு மொழிகளிலும் சொல்லின் பொருள் ஒரே திசையில் நகர்ந்தது: நோன்பு உணவாகத் தொடங்கிப் பண்டிகைத் தின்பண்டத்தில் வந்து நின்றது. இன்று டோம்பிவிலியில் தீபாவளியன்று சுவருக்கு இந்தப்புறம் பலகாரம், அந்தப்புறம் பராள். நோன்பிருக்கப் பிறந்த சொல் முறுக்குத் தட்டில் வந்து அமர்ந்ததை இரு வீட்டாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பிராமண வீடுகளிலும் அவற்றை ஒட்டிய சைவ உணவு வீடுகள் சிலவற்றிலும் பலகாரத்தின் பழைய பொருள் இன்னும் வழங்குகிறது. 'சனிக்கிழமை ராத்திரி பலகாரம்' என்றால் இட்லி, தோசை, உப்புமா, அடை ஆகியவற்றுள் ஒன்று. இங்கு வியப்பானது என்னவெனில், எல்லை தானியத்தில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. அரிசியை உலையிலிட்டால் அது சாப்பாடு. அதே அரிசியை ஊறவைத்து அரைத்துக் கல்லில் வார்த்தால் பலகாரம். (கடுமையான ஏகாதசி நோன்பில் அரிசியே விலக்கு, அது வேறு.) உணவுக்கும் இலக்கணம் உண்டு, ஒரு வேளை உணவு என்பது குறிப்பிட்ட இடங்களும் அவற்றை நிரப்பும் பண்டங்களும் கொண்ட அமைப்பு என்று மேரி டக்ளஸ் 1972இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது ஆங்கிலேயக் குடும்பத்து உணவு. தமிழ் இரவுக்கு அக்கருத்து இன்னும் பொருந்துகிறது. 'சோறு அல்லாதது' என்றோர் இடம் தமிழில் ஏற்கெனவே இருந்தது. அதை நிரப்பும் பண்டங்களின் பட்டியல் மூடப்படாமல் இருந்தது.

அப்பட்டியலில் கோதுமை பெருமளவில் நுழைந்தது போர்க்காலத்தில். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஆண்டுதோறும் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த, பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு வங்கத்தில் பஞ்சம். பம்பாய் அந்நிலைக்குச் செல்லாமல் தப்பியதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று 1943 மே மாதத்தில் அங்கு நடைமுறைக்கு வந்த முழுமையான உணவுப் பங்கீடு. நாட்டின் முன்னோடித் திட்டங்களுள் ஒன்றான அதனை நடத்திய ஆட்சிப்பணி அதிகாரி ஏ. டி. கோர்வாலா. அட்டைக்கு இத்தனை பேர், ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவு தானியம் என்பது கணக்கு. அரிசி உண்பவர் என்பதற்காக அரிசி மட்டும் பெற்றுவிட முடியாது. கோதுமையையும் சிறுதானியங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

வாரம் என்ற அலகு தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான் என்று கொள்ள இடமிருக்கிறது. ஏழு நாளுக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து கையில் கொடுத்தால், அதை எந்த வேளைகளுக்கு ஒதுக்குவது என்ற கணக்கும் ஏழு நாளுக்கே போட வேண்டும். காலையில் அலுவலகம் புறப்படுமுன் உண்ணும் சாப்பாட்டுக்கும் குழந்தைகளுக்கும் அரிசி வேண்டும். மிஞ்சுவது இரவு. அங்கே பலகாரம் என்ற இடம் ஏற்கெனவே இருந்தது. சனிக்கிழமைக்கு மட்டும் உரிய அந்த இடத்தை மற்ற கிழமைகளுக்கும் நீட்டினால் போதும்.

இதே ஆண்டுகளில் மாட்டுங்கா தென்னிந்தியர்களின் குடியிருப்பாக முழு வடிவம் பெற்றிருந்தது. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்ட தாதர்-மாட்டுங்கா மனைகளில் அடுக்ககங்கள் எழுந்தன. எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் அங்கே குடியேறினர். தனித்தனிச் சாதிக் குழுக்களாக வந்தவர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகியதால் 'தென்னிந்தியர்' என்ற பொது அடையாளம் அங்கு உருவானதை நிகில் ராவ் 2013இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாக மாட்டுங்காவின் உணவகங்களைச் சுட்டுவார்கள். 1942இல் தொடங்கிய ராமா நாயக்கின் உடுப்பி விடுதி அவற்றுள் புகழ்பெற்றது. உணவகங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு, தொடங்கிய ஆண்டு உண்டு. எனவே அவை எளிதில் வரலாறாகின்றன. பங்கீட்டுக் கோதுமையை எப்படித் தீர்ப்பது என்று பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண்மணியிடம் கேட்டு அறிந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பெயர்ப்பலகை இல்லை. வட்டார எல்லைகளைக் கடந்து நடுத்தர வர்க்கப் பெண்கள் சமையற்குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டதே 'இந்தியச் சமையல்' என்ற கருத்தை உருவாக்கியது என்று அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவர் பம்பாயில் வளர்ந்த தமிழர் என்பதை அக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் பலர் கவனிப்பதில்லை.

பங்கீடு ஒரே சீராக நீடிக்கவில்லை. 1947 டிசம்பரில் காந்தியடிகளின் வற்புறுத்தலை ஒட்டித் தளர்ந்து, மறு ஆண்டே மீண்டது. சென்னை மாநிலத்தில் 1952 ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். நாடு முழுவதும் அவை விலக மேலும் ஈராண்டு ஆயிற்று. 1956இல் அமெரிக்காவுடன் பி.எல்.480 ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கின.

பிறகு 1965. பருவமழை பொய்த்தது, பாகிஸ்தானுடன் போர் நடந்தது, அமெரிக்கக் கோதுமையின் வரவு அரசியல் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்த வேளை திங்கட்கிழமை இரவு. உணவகங்கள் பல அன்று மாலை கதவடைத்தன. இதில் ஒரு முரண் உண்டு. சோமவார விரதத்தில் பகலில் பட்டினி இருந்து இரவில் உண்பது வழக்கம். மராட்டியர்களின் சிராவண மாதத் திங்களும் அப்படியே. சாஸ்திரியின் திங்களோ இரவையே துறக்கச் சொன்னது. ஆயினும் அரசு கேட்ட நோன்பு ஒரு கிழமையோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. அரிசிக்கு மாற்றாகப் பலகாரம் உண்பதை நோன்பாகக் கருதிப் பழகிய வீடுகளில், திங்கள் இரவு சோறு வடிக்காமல் இருப்பது நாட்டுக்கடமையையும் மரபையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றுவதாகத் தோன்றியிருக்கக்கூடும்.

இந்தப் புள்ளியிலிருந்து தமிழ்நாடும் பம்பாய்த் தமிழரும் வெவ்வேறு பாதைகளில் பிரிந்தனர். 1965 ஜனவரியில் அமைக்கப்பட்ட இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. காவிரிப் படுகையின் நெல் நாட்டின் கணக்கில் ஏறியது. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற இலக்கை முன்வைத்தது; ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கத் தொடங்கியது. அன்றுமுதல் தமிழ்நாட்டு அரசியலில் அரிசி விலகாத இடம் பெற்றது. 2011 ஜூன் முதல் அது அட்டைதாரர்களுக்கு விலையின்றியே கிடைக்கிறது. பம்பாயில் இருந்த தமிழருக்கு இந்த அரசியலில் பங்கில்லை. அவர்களுடைய பங்கீட்டு அட்டையை அச்சிட்டது வேறு மாநிலம்; அதில் கோதுமை இருந்தது. ஒரே மொழி பேசிய இரு மக்கள் கூட்டங்களின் இரவு உணவு வேறுபட்டதற்கு நாவின் சுவையைவிட அட்டையின் முகவரி பெரிய காரணம்.

1966 ஜூனில் சிவசேனை தொடங்கப்பட்டதும், தென்னிந்தியர் மீதும் அவர்களுடைய உணவகங்கள் மீதும் அது பகை வளர்த்ததும் தெரிந்தவை. அந்த அச்சத்தால்தான் தமிழர்கள் சப்பாத்திக்கு மாறினார்கள் என்று கூறுவோர் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. கோதுமை அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்பே வந்துவிட்டது. அஞ்சியவர்கள் தெருவில் தாய்மொழியைத் தாழ்ந்த குரலில் பேசியிருக்கலாம். அடுப்படிக்குள் என்ன வேகிறது என்பதைக் கண்காணிக்க எவரும் வரவில்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் மாட்டுங்காவின் கதை; எழுத்தர் வீட்டின் கதை. தாராவியில் அது அவ்வாறே நிகழவில்லை. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த பிறரும் அமைத்த குடியிருப்புகளில், பலகாரம் என்ற நோன்பு இரவு உணவின் மையத்தில் இருக்கவில்லை. உடலுழைப்பாளர் வீட்டில் நாளின் முழுமையான சூடான சாப்பாடு இரவில்தான். அதோடு அந்தச் சோறு ஒரு வேளைக்கு உரியதும் அன்று. மீந்ததில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைப் பழையது. எனவே அங்கே இரவில் சோற்றை எடுத்துவிட்டுக் கோதுமையை வைத்தால் இரண்டு வேளைகள் ஆட்டம் காணும். சப்பாத்தியில் பழையது போட முடியாது. தாராவி வீடுகளில் இரவுச் சோறு உறுதியாக நிலைத்ததற்கு மரபுப் பற்றைவிட இந்தக் கணக்கே வலுவான விளக்கம். 'மும்பைத் தமிழர் இரவில் சப்பாத்தி உண்பவர்' என்ற பொதுமொழி ஒரு வர்க்கத்தையும் சில சாதிகளையும் மட்டுமே மனத்தில் கொண்டு சொல்லப்படுவது என்பதைக் கூறாமல் விடலாகாது.

பங்கீட்டு அட்டைக்கும் தாராவியில் வேறொரு மதிப்பு ஏற்பட்டது. குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டங்களில் இன்ன நாளுக்கு முன் குடியிருந்ததாக மெய்ப்பிக்க வேண்டும். 1995 ஜனவரி 1 முதலில் அந்த எல்லை நாள். பிறகு 2000 ஜனவரி 1. அதற்கான சான்றுகளுள் ஒன்று பழைய பங்கீட்டு அட்டை. தானியம் வாங்குவதற்காகப் பிறந்த தாள் வீட்டுரிமைப் பத்திரத்தின் வேலையைச் செய்தது. அதில் கிடைத்த அரிசியைக் குறை கூறியவர்கள்கூட அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் காத்தார்கள்.

ஞாயிறு உணவும் அங்கு வேறு. தாராவியின் பல வீடுகளில் ஞாயிறு என்றால் இறைச்சி. விலை குறைந்த மாட்டிறைச்சி அதில் முக்கிய இடம் பெற்றிருந்தது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மகாராட்டிர விலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் காளை, எருது ஆகியவற்றின் இறைச்சியையும் தடைக்குள் கொண்டுவந்தது, எருமைக்குத் தடையில்லை. தோல் தொழிலும் ஞாயிற்றுக் குழம்பும் ஒரே சட்டத்தால் ஒரே மாதத்தில் மாற்றம் கண்டன. மாட்டுங்காவின் இரவுகளில் அதன் சுவடே இல்லை.

இனி டோம்பிவிலி. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடியிருப்போரின் வாடகையை உறையச் செய்தது. முன்பே மாட்டுங்காவில் வீடு பிடித்தவர்களுக்கு அது வரம். பின்னால் வந்தவர்களுக்கும், திருமணமாகித் தனி வீடு தேடிய இளைய மகன்களுக்கும் நகருக்குள் வாடகை வீடு அரிதாயிற்று. செம்பூர், முலுண்ட் என்று நகர்ந்த நடுத்தரத் தமிழர்களின் எல்லை, மத்திய ரயில்பாதையில் முனையத்திலிருந்து ஏறத்தாழ 48 கி.மீ. தொலைவில் இருக்கும் டோம்பிவிலி வரை நீண்டது. விரைவு வண்டியிலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் பயணம். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இருவரும் திரும்ப இரவு எட்டாகும். காலையில் ஆளுக்கொரு நேரத்தில் வண்டி; நண்பகல் உணவு டப்பாவில். குடும்பம் கூடி உண்ணும் ஒரே வேளை இரவு என்றாகிவிட்டது. ஆனால் அந்த வேளைக்குச் சமைக்கக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு.

பெண்கள் பெட்டியில் அவரையும் கொத்தவரையும் ஆய்ந்துகொண்டு வரும் காட்சி மும்பைக்கு வெளியிலும் புகழ்பெற்றது. டோம்பிவிலி நிலையத்தை விட்டு இறங்கினால் அரிந்த காய்கறிப் பொட்டலம் கிடைக்கும், புளித்த தோசைமாவு கிடைக்கும். 'போளி-பாஜி கேந்திரம்' எனப்படும் சிறு கடைகளில் வேறொரு வீட்டுப் பெண் இட்ட சப்பாத்தி எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கும். கிழமை வரிசை இந்தச் சூழலில் புதிய பயன் ஒன்றைப் பெற்றது. தமிழ்ப் பிராமண வீடுகளில் என்ன சமைப்பது, யாருக்கு முதலில் பரிமாறுவது என்பனவெல்லாம் மாமியார், மருமகள், கணவன் இடையிலான அதிகாரப் போட்டியின் களம் என்பதை அப்பாதுரை 1981இல் எழுதிய மற்றொரு கட்டுரை காட்டியது. 'புதன் என்றால் சப்பாத்தி' என்று முடிவாகிவிட்டால் அப்போட்டியின் பாதி வாதங்கள் எழுவதேயில்லை. எட்டு மணிக்குக் கதவைத் திறந்து நுழைபவளிடம் "இன்றைக்கு என்ன?" என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. பங்கீட்டு அலுவலகம் அரிசியைக் கட்டுப்படுத்தத் தந்த வாரக் கணக்கு, இங்கே ஒரு பெண்ணின் மாலை நேரத்தைக் காக்கும் கருவியாயிற்று.

அடுத்த வீட்டு மராத்தியோடு ஒட்டி வாழ்வதால் சொற்களில் விளையும் குழப்பமும் சுவையானது. தமிழில் போளி இனிப்பு. மராத்தியில் போளி அன்றாடச் சப்பாத்தி. தமிழில் பஜ்ஜி எண்ணெயில் பொரிப்பது. மராத்தியில் பாஜி என்றால் காய்கறி. தமிழ்நாட்டில் ரவையிலும் செய்யும் கிச்சடி இங்கே அரிசியும் பருப்பும் குழைந்தது. டிபன் என்பது தமிழ்நாட்டில் பண்டத்தின் பெயர். மும்பையில் அது பெரிதும் பாத்திரத்தின் பெயர். இந்தப் போக்குவரத்து புதிதும் அன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலவிய மராட்டியர் ஆட்சியில் எதிர்த்திசையில் நடந்த பரிமாற்றத்தின் நினைவாக, கத்தரிக்காயைக் குறிக்கும் 'வாங்கி' என்ற மராத்திச் சொல் வாங்கிபாத் என்ற பெயரில் இன்றும் தமிழில் உலவுகிறது. (சாம்பாருக்குச் சம்பாஜியின் பெயரைக் காரணம் காட்டும் கதையை இதனோடு சேர்க்க வேண்டாம், அதற்கு உறுதியான சான்று எதுவும் காட்டப்படவில்லை.) டோம்பிவிலியில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இரண்டு போளிகளும் தெரியும். வீட்டில் ஒன்றும் வகுப்புத் தோழியின் டப்பாவில் மற்றொன்றுமாக, இரண்டையும் குழப்பாமல் கேட்டு வாங்கத் தெரியும்.

'சாப்பாடு' என்ற சொல் மட்டும் இடம் பெயரவில்லை. "இன்றைக்கு ராத்திரி சாப்பாடு இல்லை, சப்பாத்திதான்" என்ற வாக்கியத்தில் பட்டினியின் சாயலே கிடையாது. சோறு இல்லாத வேளையைச் சாப்பாடு என்று அழைப்பதில்லை, அவ்வளவே. நாலு சப்பாத்தி உண்டு முடித்த பின்னும் ஒரு கைப்பிடி சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உண்டால்தான் எழுந்திருக்க முடியும் என்போர் அங்கு நிறைய. அதற்காகவே குக்கரில் ஓர் ஆழாக்கு அரிசி தனியே வைக்கப்படுகிறது, திங்கட்கிழமையிலும்.